ஹீட்டர் ஹோஸ், கட்டுக்கம்பி, ஒரு சொம்புத் தண்ணீர்

5-6-2003, வியாழன்

கத்திரி முடிந்து ஒரு வாரம். வெயில் மட்டும் முடியவில்லை. காலை ஒன்பதுக்கே தெருத் தார் செருப்பில் ஒட்டுகிறது. காற்று மணலிப் பக்கமிருந்து. வீடு முழுக்க கேஸ் வாடை. தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை.

ரோசி காலையிலேயே மாத்தூர் சம்பந்தி வீட்டுக்குப் போய், மத்தியானம் திரும்பினாள். முகத்தைப் பார்த்ததும் பழம்தான் என்று தெரிந்துவிட்டது. பெண் ஸ்டெல்லாவுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்தாயிற்று. பிரசவத்துக்கு இங்கே அனுப்ப சம்பந்தியம்மாவுக்குச் சம்மதம். மாப்பிள்ளை அந்தோணியும் 'கூட்டினு போங்க அத்தை' என்றாராம். 15ஆம் தேதி ஞாயிறு, பூசை முடிந்து போய்க் கூட்டி வர வேண்டியது.

மூன்று வருஷமாக என் பெண் இந்த வீட்டில் ஒரு நாள் தங்கியதில்லை. கிறிஸ்துமஸுக்கு வருவாள். பேத்தி ஜெனியோடு ஒரு மணி நேரம். மாப்பிள்ளை தெருமுனையிலேயே இறக்கிவிட்டு நின்றுவிடுவார். ஐஸ் பாக்டரி சுவரோரம் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பதை நானே மொட்டைமாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். வீம்பு. ஒரு நாள் ரோட்டில் வைத்துத் திட்டியதற்கு மூன்று வருஷ வீம்பு.

திட்டினேன்தான். வேளாங்கண்ணிக்கு ஜெனிக்கு மொட்டை போடக் கிளம்பினோம், ரெண்டு குடும்பமும், என் காரில். ஓட்டியது மாப்பிள்ளை. மரக்காணம் தாண்டி உப்பளத்துக்கு நடுவில் எஞ்சின் கொதித்து நின்றது. ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தண்ணீர்கூடப் பார்க்காமல் வண்டியை எடுப்பவனைத் திட்டாமல் மாலையா போடுவார்கள்? என்ன, அவன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அது ஒன்றுதான் தப்பு.

டாக்ஸி பிடிக்கலாம் என்றாள் ரோசி. முடியாது, என் பெண்ணை என் வண்டியில்தான் கூட்டி வருவேன் என்றேன். 'எந்த வண்டி?' என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நாளை முதல்:
– தார்பாய் எடுக்க
– மாணிக்கத்தைக் கூப்பிட
– பேட்டரி
– ரிட்டையர் ஆனவன் சும்மா இருக்கிறான் என்று இனி யாரும் சொல்லக் கூடாது

6-6, வெள்ளி

தார்பாய் எடுத்தேன். மூன்று வருஷத்துக்கு அப்புறம். ஒரு குண்டா அளவு தூசி என் வாயில். பின் டயருக்கு அடியில் எலி வளை. பானெட் ஓரமெல்லாம் துரு. உப்புக்காற்று வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது.

மாணிக்கம் பத்து மணிக்கு வந்தான். காசிமேட்டில் போட் எஞ்சின் பார்க்கிறவன். தோஸ்து. வாயை மட்டும் ரிப்பேர் பண்ண முடியாது. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, 'இத்த ஏன் நைனா நோண்டுற, அப்டியே தார்பாயோட அடக்கம் பண்ணிடு' என்றான். ஸ்டெல்லா விஷயத்தைச் சொன்னேன். பேண்டை மடித்துவிட்டுக் குனிந்துவிட்டான்.

எஞ்சின் போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும் என்று நான் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். அவன் பிளக் நான்கையும் கழற்றி, உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டு, கையாலேயே சுற்றினான். சுற்றியது. அரை மணி கழித்து அவனுடைய பேட்டரியை மாட்டி, பெட்ரோல் மாற்றி, சாவி போட்டான். இருமியது. மறுபடி. பிடித்துக்கொண்டது! ரெண்டு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினான்.

மாணிக்கம் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தான்.

'எஞ்சின்ல ஒண்ணியும் இல்ல நைனா. கொதிச்ச எஞ்சினு இப்டி ஓடாது. ஓட்டினு போனவன் ஹீட் முள்ளு ஏறின ஒடனே நிறுத்திகீறான். வெவரமானவன்.'

வெவரமானவன் என்றால் தண்ணீர் பார்த்திருக்க வேண்டுமே என்றேன். சிரித்தான். டீ குடித்துவிட்டுப் போனான்.

எஞ்சின் போயே போய்விட்டது என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். யார் பார்த்துச் சொன்னது? யாரும் பார்க்கவில்லை. கயிறு கட்டி இழுத்து வந்து, நிறுத்தி, மூடியதுதான்.

7-6, சனி

வெயில். தண்ணீர் லாரி வந்தது. ஆளுக்கு எட்டு குடம். ரோசியிடம் ஒரு வாளி கேட்டேன், ரேடியேட்டருக்கு. குடிக்கத் தண்ணீர் இல்லை, இவருக்கு வண்டி குடிக்கணுமாம் என்று ஒரு பாட்டு. போர் தண்ணீர் உப்பு, ஊற்றினால் ரேடியேட்டர் அடைத்துவிடும் என்று விளக்கினேன். குடும்பத்துக்கு உப்புத் தண்ணீர், வண்டிக்கு நல்ல தண்ணீர் என்றாள். ஆனால் கொடுத்தாள்.

ஊற்றினேன். அரை வாளி போனதும் கீழே சொட்டுச் சத்தம். முன்னால் இல்லை. ரேடியேட்டர் காய்ந்திருக்கிறது. பம்ப் காய்ந்திருக்கிறது. தண்ணீர் எஞ்சினுக்குப் பின்புறம், டேஷ்போர்டை ஒட்டிய தகட்டின் வழியாக ஒழுகிக் கீழே வருகிறது.

டார்ச் எடுத்துக் குனிந்தேன்.

இந்த வண்டி முதலில் ஊட்டிப் பக்கம் ஓடியது. எஸ்டேட் மேனேஜர் வண்டி. அதனால் ஹீட்டர் உண்டு. எஞ்சினின் சுடுதண்ணீர் ஒரு ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கிற சின்னப் பெட்டிக்குள் போய், இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்பி பம்புக்கு வரும். மெட்ராஸில் யாருக்கு வேண்டும் ஹீட்டர்?

இப்போது பார்த்தால் அந்த ரெண்டு ஹோஸும் இல்லை. பெட்டிக்குப் போகிற குழாய்கள் ரெண்டும் மொட்டையாக நிற்கின்றன. எஞ்சினிலிருந்து பம்புக்கு நேராக ஒரே ஹோஸ், வளைத்து விட்டிருக்கிறது. கறுப்பு, தடி ஹோஸ். கார் ஹோஸே இல்லை அது. ரெண்டு முனையிலும் கிளிப் இல்லை. கட்டுக்கம்பி. ரெட்டையாக இழுத்து, இடப்பக்கம் முறுக்கி, நுனியைக் கொக்கி மாதிரி உள்ளே மடித்துவிட்டது.

பின் பக்க முனையில் கம்பி ரப்பரை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. விரலை வைத்தேன். நகம் உள்ளே போனது.

முப்பத்தோரு வருஷம் எடை மேடையில் வேலை. லாரித் தார்பாய்க் கயிறு முதல் கேட் தாழ்ப்பாள் வரை கட்டுக்கம்பியால் கட்டியவன் நான். என்னைத் தவிர யாரும் இடப்பக்கம் முறுக்க மாட்டார்கள். நான் இடக்கை.

பானெட்டை மூடிவிட்டு வந்தேன். மதியம் சாப்பாடு வேண்டாம் என்றேன். ரோசி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

8-6, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் தெரியாது.

வந்ததும் பரணிலிருந்து 2000ஆம் வருஷ டைரியை எடுத்தேன். லாரி எடை எழுதி எழுதி வந்த பழக்கம், எதையும் எழுதி வைப்பேன். எழுதி வைத்தவன் ஏமாற மாட்டான் என்று ஜம்பம் வேறு. அப்படியே காப்பி எடுக்கிறேன்.

29-4-2000: 'ஹீட்டர் வால்வு லீக். இடப்பக்க சீட்டில் கால் வைக்கிற இடமெல்லாம் ஈரம். சம்பந்தியம்மா பட்டுப்புடவையோடு உட்காருவார்கள், நனைந்தால் அசிங்கம். ஹீட்டரைக் கட் பண்ணி ஹோஸ் சுத்தி விட்டேன். மாணி. கொடுத்த போட் ஹோஸ். கிளிப் சைஸ் சரியில்லை, கம்பி கட்டினேன். தற்காலிகம். திங்கள் கிளிப் வாங்கணும்.'

திங்கள், செவ்வாய், புதன் பார்த்தேன். கிளிப் என்ற பேச்சே இல்லை. கருவாடு விலை இருக்கிறது. ஜெனிக்குக் கொலுசு இருக்கிறது.

8-5-2000: 'காலை 5க்குக் கிளம்பல். வானம் மோடம். மாப்பிள்ளை ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்த ரோ.விடம் சொம்பு கேட்டார். ஸ்டெ. குழந்தைக்கு டிரஸ் பண்ணிக்கொண்டு லேட்.'

அதே பக்கம், கீழே, வேறு மை: 'மரக்காணம் தாண்டி வண்டி நின்றது. மா. தண்ணி பார்க்கவில்லை. எஞ்சின் போச்சு. முட்டாள்.'

ரெண்டும் என் கையெழுத்து. ஒரே பக்கம். நடுவில் நான்கு விரல் இடம்.

காலையில் சொம்பு கேட்டார் என்று எழுதியவன், சாயங்காலம் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். எழுதும்போது மேலே கண் போகவில்லையா? போயிருக்கும். கோபத்தில் இருப்பவனுக்கு மேல் வரி எதற்கு.

அவர் அன்றைக்கு ஒரே ஒரு தடவை சொன்னார். 'மாமா, நான் பாத்துட்டுதான் எடுத்தேன்.' வாயை மூடு என்றேன். அறிவிருக்கா என்றேன். உன்னை நம்பி என் பெண்ணைக் கொடுத்தேனே என்றேன். ரோட்டில் போகிற உப்பு லாரிக்காரர்கள் நின்று பார்த்தார்கள். சம்பந்தியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடல் பக்கம் திரும்பி நின்றாள். மாப்பிள்ளை ஜெனியைத் தூக்கிக்கொண்டு, அம்மாவையும் ஸ்டெல்லாவையும் கூட்டிக்கொண்டு, வந்த பஸ்ஸை மறித்து ஏறிவிட்டார். மொட்டையை அப்புறம் அவர்களே போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். எங்களுக்குச் சொல்லவில்லை.

ரோசியிடம் இன்னும் சொல்லவில்லை.

9-6, திங்கள்

புதுப்பேட்டை. ஹீட்டர் ஹோஸ் என்று கேட்டால் கடைக்காரன் என்னை ஏற இறங்கப் பார்க்கிறான். இந்த வெயிலில். நான்கு கடை. ஐந்தாவதில் கிடைத்தது: சுடுதண்ணீருக்கென்றே வருகிற ஹோஸ், உள்ளே நூல் பின்னல், எட்டு அடி. கிளிப் நான்கு, திருகு வைத்தது. ஹீட்டர் வால்வு, பழசு, ஆனால் ஊதிப் பார்த்துக் கொடுத்தான்.

கிளிப் நான்கும் உள்ளங்கையில் அடங்குகிறது. இவ்வளவுதான் சாமான். இதை ஒரு திங்கட்கிழமை வாங்கியிருந்தால்.

பஸ்ஸில் வரும்போது மின்ட் பக்கம் ஒரு கர்ப்பிணிப் பெண் ஏறினாள். எழுந்து இடம் கொடுத்தேன். 'பரவால்ல தாத்தா' என்றாள். தாத்தாவா! சரி, தாத்தாதான்.

10-6, செவ்வாய்

வேலை நாள். எழுதி வைக்கிறேன், இந்தத் தடவை ஒழுங்காக.

எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான். ரேடியேட்டர் கீழ்த் திருகைத் திறந்து தண்ணீரைக் குண்டானில் பிடிக்க (ரோசி அதைச் செடிக்கு ஊற்றினாள்). பழைய ஹோஸைப் பிடித்து இழுக்கக் கூடாது, குழாய் முறிந்துவிடும். பிளேடால் நீளவாக்கில் கீறி உரிக்க. குழாய் முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க. ஹீட்டர் பெட்டிக்குள் வாயால் ஊதிப் பார்க்க. மறு முனையில் காற்று வந்தால் அடைப்பில்லை. புது ஹோஸை அளந்து, கொஞ்சம் தொய்வு விட்டு வெட்ட. இழுத்த மாதிரி இருந்தால் எஞ்சின் ஆடும்போது பிடுங்கிக்கொள்ளும். சோப்புத் தண்ணீர் தொட்டு ஏற்ற. கிளிப் முனையிலிருந்து ஒரு விரல் தள்ளி.

மாணிக்கம் வந்தபோது பழைய ஹோஸ் கீறிய நிலையில் தரையில் கிடந்தது. எடுத்துப் பிரித்துப் பார்த்தான். வெளியே வழவழவென்று புதுசு மாதிரி. உள்பக்கம் ஊறி, ஜவ்வு ஜவ்வாக உரிந்து தொங்கியது.

'இது டீசல் ஹோஸாச்சே. எண்ணெய்க்குன்னா பத்து வருசம் ஒழைக்கும். சுடுதண்ணிக்கு ஆவாது.' கொஞ்ச நேரம் கையில் வைத்து உருட்டினான். 'நாந்தான குடுத்தேன்? எதுக்கு நைனான்னு கேட்டேன். சும்மான்னு சொன்ன.'

அவனிடம்தான் முதலில் சொன்னேன். எல்லாம். டைரி வரைக்கும். கேலி பண்ணுவான் என்று எதிர்பார்த்தேன். பண்ணியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கம்பித் துண்டை எடுத்து முறுக்கைப் பார்த்தான், என் இடக்கையைப் பார்த்தான், பீடியைப் பற்ற வைத்தான்.

'அந்தப் புள்ளாண்டான் மேலயா போட்ட இத்த' என்றான். அவ்வளவுதான்.

போகும்போது, மெட்ராஸில் ஹீட்டர் எதுக்கு, பழையபடி நேராகச் சுற்றிவிட்டால் போதுமே என்று கேட்டான். இல்லை, வண்டி எப்படி வந்ததோ அப்படியே இருக்கட்டும் என்றேன்.

12-6, வியாழன்

மோடம். தூறல் கூட இல்லை, சும்மா மோடம் மட்டும்.

வண்டி வெளியே எடுத்தேன். எண்ணூர் ரோடு, திருவொற்றியூர் வரை போய் வந்தேன். கன்டெய்னர் லாரி வரிசையில் முக்கால் மணி நேரம் ஊர்ந்தது. அதுதான் நல்ல பரீட்சை. முள் பாதியில் நின்றது, மேலே ஏறவில்லை. ஹீட்டரைத் திறந்தும் பார்த்தேன். காலில் அனல். பக்கத்து லாரிக்காரன் நான் வேர்த்து ஊற்றுவதைப் பார்த்து இன்னா பெருசு, உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

நிறுத்தி, ஹோஸ் முழுக்கக் கையால் தடவினேன். காய்ந்திருக்கிறது. ஒரு நாள் ஓடியதும் கிளிப்பை இன்னொரு கால் திருகு இறுக்க வேண்டும், இறுக்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் ரோசியிடம் சொல்லிவிட்டேன். நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. நான் டைரியைப் படித்துக் காட்டினேன். சொம்பு என்ற இடம் வந்ததும் கையை நிறுத்தினாள்.

'அந்தச் சொம்பு நாந்தாங்க குடுத்தேன். ரெண்டு தபா ரொப்பி ஊத்தினாரு. எங்கண்ணால பாத்தேன்.'

பின்னே ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். இப்போது கத்துவதற்கு எனக்கு என்ன யோக்கியதை? பழக்கம்.

'அவங்க பஸ் ஏறினதும் அங்கயே சொன்னேன். நீயும் அவனுக்கு வக்காலத்தான்னு கேட்டீங்க. வூட்டுக்கு வந்து ஒரு தபா சொன்னேன், தட்டு பறந்துச்சு. அப்பால சொல்றத வுட்டுட்டேன்.'

ஸ்டெல்லாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாதாம். அன்று காலை அவள் உள்ளே குழந்தைக்கு கவுன் மாட்டிக்கொண்டிருந்தாள். அப்பா சொன்னதைத்தான் அவளும் நம்பினாள். அவளிடம் என்னை விட்டுக்கொடுக்க ரோசிக்கு மனசு வரவில்லை.

தட்டு பறந்தது எனக்கு ஞாபகம் இல்லை. அன்றைய டைரியில் தேடினேன். எழுதவில்லை.

14-6, சனி

வண்டி கழுவவில்லை, தண்ணீர் ஏது. ஈரத் துணியால் துடைத்தேன். பின் சீட்டுக்கு ரோசி தலையணை ரெண்டு, புது உறை போட்டு. உள்ரூமில் கட்டில் போட்டாயிற்று. தொட்டில் கம்பி துடைத்தாயிற்று. தண்ணீருக்கு ஒரு டிரம் தனியாக, மூடி போட்டு. அதை நான் தொடக் கூடாதாம்.

எடுத்துப் போக:
– குடை
– பிளாஸ்க்
– ஜெனிக்கு பிஸ்கெட்
– பழைய ஹோஸ், கம்பி (கவரில், சீட்டுக்கு அடியில்)

கடைசி ஐட்டத்தை ரோசி பார்த்துவிட்டாள். உட்காரவைத்துப் பேசினாள். நாளைக்கு ஒன்றும் சொல்லக் கூடாது. கூட்டி வந்து, பிரசவம் ஆகி, எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். இப்போது சொன்னால் ஸ்டெல்லா வர மாட்டாள். 'அவ உங்க பொண்ணு, ரோசக்காரி. மூணு வருசம் பொறுத்தீங்க, இன்னும் மூணு மாசம் பொறுக்க முடியாதா?'

நான் எங்கே பொறுத்தேன். பொறுத்தது வேற ஆள்.

ஆனால் அவள் சொல்வது நியாயம். சொன்னால் வர மாட்டாள். வந்தால் மூன்று மாதம் என் வீட்டில் இருப்பாள். ஜெனி இந்தக் கூடத்தில் ஓடுவாள். இதற்குத்தானே எட்டு நாள் வண்டிக்கு அடியில் கிடந்தேன். சரி என்று சொல்லிவிட்டேன். சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்று அந்தோணியார் படத்துக்கு முன்னால் நிறுத்தி வாங்கிக்கொண்டாள்.

கவரை சீட்டுக்கு அடியிலிருந்து எடுக்கவில்லை.

15-6, ஞாயிறு. மாலை

முதல் பூசை முடிந்து எட்டரைக்குக் கிளம்பினோம். கொடுங்கையூர் குப்பைப் புகை, கண்ணாடி ஏற்றிவிட்டோம். மாதவரம் வழியாக மாத்தூர் பத்து மணி. முள் பாதி.

பை வாசலில் தயாராக இருந்தது. ஸ்டெ. நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு, கால் வீங்கி, ஆனால் சிரித்த முகம். வண்டியைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். ஜெனி பின் சீட்டில் ஏறிக் குதிக்க ஆரம்பித்துவிட்டது. சம்பந்தியம்மா காபி கொடுத்தாள். மாப்பிள்ளை 'வாங்க மாமா' என்றார். காதோரம் நரைத்திருக்கிறது. முப்பத்தி நாலு வயசு. ஷிப்ட் முடித்து வந்து தூங்கவில்லை போல.

பையைத் தூக்கி டிக்கியில் வைத்தது அவர்தான். அப்புறம் வண்டியின் முன்பக்கம் வந்து, கொஞ்சம் தயங்கி, 'தூரமா வந்துகீறீங்க, போறதுக்கு முன்னாடி தண்ணி பாக்கட்டுமா மாமா' என்று கேட்டார்.

ஸ்டெ. வாசப்படியில் நின்று சிரித்தாள். 'அப்பா, இவர் கைல மட்டும் வுட்டுடாதீங்க. அப்பால மரக்காணம் மாரி நடுரோட்ல நிக்கணும்.' விளையாட்டாகத்தான் சொன்னாள். சம்பந்தியம்மா காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார். பழகின சிரிப்பு. எத்தனையோ தடவை கேட்டவன் சிரிக்கிற சிரிப்பு அது.

ரோசி என் கையைப் பிடித்து அழுத்தினாள். தெரியும், சத்தியம் பண்ணியிருக்கிறேன்.

சீட்டுக்கு அடியில் கையை விட்டு கவரை எடுத்தேன். எப்படி ஆரம்பித்தேன் என்று சரியாக ஞாபகமில்லை. எல்லோர் முன்னாலும்தான். அன்றைக்கு யார் யார் கேட்டார்களோ அவர்கள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள், உப்பு லாரிக்காரர்களைத் தவிர. தண்ணீர் அவர் பார்த்தார், ரெண்டு சொம்பு ஊற்றினார், உங்கள் அத்தை சாட்சி. ஹோஸை மாற்றி, கம்பி கட்டி, மறந்து தொலைத்தவன் நான். கம்பி ஹோஸை அறுத்துவிட்டது. தண்ணீர் பின்பக்கமாகப் போய்விட்டது. இதோ. என்னை மன்னிச்சிடுங்க மாப்ள என்றேன். சம்பந்தியம்மாவிடமும் கேட்டேன்.

மாப்பிள்ளை அவசரமாக என் கையைப் பிடித்தார்.

'வுடுங்க மாமா. எனக்குத் தெரியும்.'

தெரியுமா?

'அன்னைக்கே பாத்தேன். பானெட் தொறந்தப்ப, பின்னால ஆவி வந்துகினு இருந்துச்சு. எட்டிப் பாத்தா கம்பி. உங்க முறுக்கு.'

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எல்லோரிடமும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

'அத்தை, எங்கம்மா எல்லாம் நின்னுகினு இருக்கசொல்ல உங்கள எப்டி மாமா சொல்றது? வூட்டுக்குப் போனா நீங்களே பானெட் தொறப்பீங்க, பாத்துடுவீங்கன்னு நெனைச்சேன். ஒரு வாரம் பாத்தேன். ஒரு மாசம் பாத்தேன். அப்பால வுட்டுட்டேன்.'

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார்.

நான் வருவேன் என்று காத்திருந்திருக்கிறார். நான் தார்பாய் போட்டு மூடிவிட்டு, வீம்பு பிடித்தவன் என்று ராயபுரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தாரே, மூன்று கிறிஸ்துமஸ்.

ஸ்டெல்லா வாசப்படியிலேயே மெதுவாக உட்கார்ந்தாள். புருஷனைப் பார்த்தாள். ரொம்ப நேரம். பிறகு என்னைப் பார்த்துப் பேசினாள்.

'ஒவ்வொரு சண்டையிலயும் இத்தத்தாம்பா நான் எடுப்பேன். ஒரு வண்டிக்குத் தண்ணி பாக்கத் தெரியாதவரு, குடும்பத்த எங்க பாக்கப் போறாருன்னு. எங்கப்பா அன்னைக்கு கேட்டது சரிதான்னு. ஒரு தபாகூட இவர் திருப்பிச் சொல்லல.'

எழுந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் வந்தாள். டிக்கியைத் திறக்கச் சொன்னாள். பையை எடுக்கக் குனிந்தவளைத் தடுத்து மாப்பிள்ளையே எடுத்தார், வேண்டாம், போய் வா என்று சொல்லிக்கொண்டே. அவள் கேட்கவில்லை. 'இந்தப் புள்ள இங்க பொறக்கட்டும்' என்றாள். என்னிடம் கோபமில்லை என்றும் சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜெனியைப் பின் சீட்டிலிருந்து இறக்கினார்கள், அது அழுதது, தாத்தா காரில் போவேன் என்று.

சம்பந்தியம்மா சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டோம். என்ன சாப்பிட்டேன்?

கிளம்பும்போது மாப்பிள்ளை உள்ளே போய் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தார். அவர்கள் வீட்டிலும் தண்ணீர் லாரிதான். துணி போட்டு ரேடியேட்டர் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஊற்றி, மூடி, புது ஹோஸை ரெண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். நல்லா போட்டிருக்கீங்க மாமா என்றார்.

வழி முழுக்க ரோசி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். பின் சீட்டில் தலையணை ரெண்டும்.

16-6, திங்கள்

வெயில். தண்ணீர் லாரி வந்தது, பதினோரு மணிக்கு. வரிசையில் நான்தான் நின்றேன்.

பானெட் திறந்து பார்த்தேன். நான்கு கிளிப்பும் காய்ந்திருக்கிறது. ஒழுகல் இல்லை.

ரோசி துணி எடுத்து வைக்கிறாள். பிரசவம் முடிந்து நாற்பது நாள் வரை மாத்தூரில் அவள்கூட இருக்கப் போகிறாளாம். தொட்டில் கம்பியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். எனக்குப் பருப்பு எங்கே, புளி எங்கே என்று காட்டினாள். வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். சாவி கையில்தான் இருந்தது.

'வேணாங்க, நான் பஸ்ல போய்க்கிறேன்' என்றாள்.

தார்பாயை மடித்து மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். வண்டிக்குப் போடவில்லை.